முப்பத்தெட்டாவது பாட்டில்

உலகத்தில் எந்த மருந்துக்கும் அடங்காத ஒன்று தேங்காப்பட்டணத்தில்தான் பிறந்தது; அதை மனித குலத்துக்கு அளித்தவர் முகம்மது மீரான்; விஞ்ஞானம் உள்ளவரை அவர் பெயரும் இருக்கும். இப்படிச் சொன்னவரும் முகம்மது மீரான்தான். அளித்தது, அவருடைய கழுத்துப் புண்ணில் சீழோடு வந்த ஒரு கிருமி. இப்போது அந்தப் புகழ் காரணமாகத்தான் அவரைக் குளிப்பாட்ட ஆளில்லாமல் இருந்தது.

வீட்டின் பின்பக்கம் நாற்றம் என்பதால் கிழக்குப் பக்கமாகத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து குளிப்பாட்டும் பலகை வந்துவிட்டது. குடங்களில் வெள்ளம் நிறைந்துவிட்டது. கற்பூரம், பஞ்சு, வெள்ளைத்துணி எல்லாம் ஒரு தாம்பாளத்தில் இருந்தன. பீர்க்கண்ணு மட்டும் கேட்டுக்கு வெளியே, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஊரில் மவுத்தான ஆண்களையெல்லாம் அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டியவர் அவர். நாலு நாள் கடலில் கிடந்து வந்த உடலைக்கூட மூக்கைப் பொத்தாமல் குளிப்பாட்டியவர்.

மீரானின் மனைவி ஜைனம்பு அடுக்களை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் அமீன் உள்ளே வந்தான்.

"உம்மா, பீர்க்கண்ணு மாமா வரமாட்டேங்காரு."

"என்னவாம்?"

"வாப்பாக்க கிருமிய பேடியாம்."

கேட்டுக்கு வெளியிலிருந்து பீர்க்கண்ணுவின் குரல் அவளுக்கே கேட்டது. யாரிடமோ தன் பயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மீரான் காக்காய பேடி இல்ல மக்கா. காக்காக்க ஆளத்தான் பேடி. அவனுக்கு உலகத்துல மருந்தே இல்லன்னு காக்கா தானே சாயாக்கடையில வச்சு சொன்னாரு? போன நோம்புக்கும் சொன்னாருல்லா? எனக்க வீட்டுல பேத்தி பெறந்து நாப்பது ஆவல்ல. நான் எங்கோடி அந்தக் கைய கொண்டு போவேன்?"

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. மீரான் சொன்னதுதான். சாயாக்கடையில் மட்டுமல்ல, கல்யாண வீடுகளிலும் சொன்னார். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஆண்கள் ஒரு வயதுக்குமேல் அங்கே ஓட்டிய வண்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு உடம்பில் இருக்கும் நோயைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். ஒருவர் தன் சர்க்கரை நானூறு என்பார். ஜமாஅத் தலைவர் பர்வேஸ் ஹாஜியார் சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைக் கழற்றி, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த இடத்தைக் காட்டுவார். அங்கே வெளியில் தெரியும்படி ஒன்றும் இருக்காது. என்றாலும் எல்லாரும் பார்ப்பார்கள். அந்தச் சபையில் மீரான் தன் கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்தி, "எ-ன-க்-கு-ள்-ள-து-க்-கு ம-ரு-ந்-தே இ-ல்-ல" என்பார். சபை அடங்கிவிடும்.

அந்தக் கருவி டார்ச்லைட்டின் நீளத்தில் இருக்கும். தொண்டையில் கேன்சர் வந்து, குரல்வளையை வெட்டி எடுத்து, கழுத்தில் ஒரு ரூபாய் வட்டத்துக்கு ஓட்டை போட்டுவிட்ட பிறகு அவருக்கு வாய்த்த குரல் அது. ஊர்க்காரர்கள் அதை மைக்கு என்றார்கள். மீரான் தம்மாமில் பத்தொன்பது வருடம் இருந்தவர். மார்த்தாண்டத்தில் குடைக்கடை வைத்தவர். ஜமாஅத் தலைவர் பதவிக்கு மூன்று தடவை நின்று மூன்று தடவையும் பர்வேஸ் ஹாஜியாரிடம் தோற்றவர். தேர்தலில் அவர் பெரிய மைக் கட்டிப் பேசியபோது ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. இந்தச் சின்ன மைக்குக்குக் கூட்டம் கூடியது.

ஆனால் ஆப்பரேஷன் முடிந்த புதிதில் அவர் மைக்கைத் தொடவே இல்லை. கழுத்துப் புண் மூன்று மாதம் ஆறவில்லை. ஒரு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை; அடுத்ததைக் கொடுத்தார்கள், அதுவும் கேட்கவில்லை. கடைசியில் பழைய மருந்து ஒன்றை ஊசியில் நாற்பத்திரண்டு நாள் ஏற்றியபிறகுதான் புண் மூடியது. கிருமி போகவில்லை, ஓட்டையின் ஓரத்தில் சும்மா குடியிருந்தது. மீரான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஜைனம்பு ஓட்டையைத் துடைத்து, அதிலிருக்கும் குழாயை எடுத்துப் பல்தேய்க்கும் பிரஷால் கழுவி, திரும்ப மாட்டிவிடுவாள். அவர் கண்ணைத் திறக்க மாட்டார்.

அப்போதுதான் டாக்டர் ஜிஷா வந்தாள். கருங்கல்காரி, திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பிடித்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைப்பதுதான் அவள் தொழில். மீரான் கழுத்திலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்துப்போய், பத்து நாள் கழித்து வந்து சொன்னாள்.

"மாமா, எங்க லேப்புல இருக்கதுல உங்களுக்குள்ளதுதான் பெரிய வில்லனாக்கும். இதுவர பதினேழு மருந்து போட்டுப் பாத்தாச்சு. அசையல்ல."

மீரான் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். தலையணைக்கு அடியில் கிடந்த மைக்கை எடுத்தார். அந்த மைக்கில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"ப-தி-னே-ழா?"

அன்று மாலையே சட்டை போட்டுக்கொண்டு சாயாக்கடைக்குப் போனார். கிருமியின் படத்தை, வட்டத் தட்டில் வழவழவென்று இளஞ்சிவப்புப் புள்ளிகள் பரவியிருந்த படத்தை, ஜிஷா ஏதோ வெளிநாட்டு மாநாட்டில் திரையில் போட்டாள் என்று தெரிந்ததும், ஒரு பிரதி வாங்கி ஃபிரேம் போட்டு முன்அறையில் மாட்டினார். வந்தவர்கள் ஜவ்வரிசிப் பாயசம் என்று நினைத்து எந்தக் கடையில் என்று கேட்டார்கள். மீரானுக்கு வருத்தமில்லை. விளக்கிச் சொல்ல ஒரு சந்தர்ப்பம்.

இதெல்லாம் கழிந்து, இன்று காலை இரண்டு ஆப்பமும் மீன்கறியும் தின்றுவிட்டுச் சாயா கேட்டார். சாயா வருவதற்குள் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அறுபத்தாறு வயது. ஓடி வந்த டாக்டர் நெஞ்சடைப்பு என்றார். மீரான் கேட்டிருந்தால் வருந்தியிருப்பார். நெஞ்சடைப்பு எல்லாருக்கும் வருவது.

பர்வேஸ் ஹாஜியார் ஆறு பொட்டலங்களோடு வந்து இறங்கினார்.

"யாரும் பேடிக்காண்டாம். ஜமாஅத்து ஸ்டோருல கொரோனாக்க டிரஸ்சு கெடந்து. நான் தலைவரா இருக்கப்ப எடுத்து வச்சதாக்கும்" என்றார். அவர் தலைவராக இல்லாத காலம் எதுவும் இல்லை.

பீர்க்கண்ணு ஒரு உடுப்பைப் பிரித்து வலது காலை நுழைத்தார். தொடை வரை கிழிந்தது. அடுத்ததை எடுத்தார். அதற்கு ஜிப் இல்லை. மூன்றாவதைப் பிரித்தபோது உள்ளே பல்லி முட்டை இருந்தது.

பிறகு தென்னை மூட்டில் நாலு பேர் நின்று கூட்டம் போட்டார்கள். தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட வழியில்லாதபோது சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவினால் போதும் என்று மார்க்கத்தில் சலுகை இருக்கிறதே என்று ஹாஜியார் எடுத்துச் சொன்னார். ஹாஜியாருக்குச் சலுகைகள் எல்லாம் மனப்பாடம்.

பள்ளிவாசல் லெப்பை தாடியைத் தடவினார். "உள்ளதுதான் ஹாஜியாரே. ஆனா தடவணும்னாலும் தொடணுமே?"



"தொடுகதுக்கு ஒரு ஆளு போதும்லா?" என்றார் ஹாஜியார். "குளிப்பாட்டுகதுக்குன்னா மூணு பேரு வேணும். அசர் தொழுகைக்கு எடுக்கணும். மணி ரெண்டாவுது."

ஜைனம்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காலையும் மாலையும் ஒரு வாளி வெள்ளம் போதாது என்று இரண்டு வாளி ஊற்றிக் குளிக்கும் மனிதர். தம்மாம் கோடையில் தண்ணீர் வராத நாளில்கூடக் குடிக்கிற பாட்டிலை வாங்கிக் குளித்தவர். அவரை மண்ணைத் தடவி அனுப்பப் பார்க்கிறார்கள்.

அவள் இரண்டே வார்த்தை சொன்னால் போதும். பீர்க்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார். அது செத்துப்போச்சு. அவ்வளவுதான். ஐந்து மாதமாக அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

ஜிஷாவின் ஃபோன் எப்போதும் ஜைனம்புவுக்குத்தான் வரும். மீரான் எடுத்து மைக்கை வைத்து 'ஹ-லோ' என்றால், வங்கியிலிருந்து வரும் பதிவுக் குரல் என்று நினைத்து எல்லாரும் கட் பண்ணிவிடுவார்கள். அன்றைக்கும் ஜைனம்புதான் எடுத்தாள்.

"மாமி, நல்ல காரியமாக்கும். மாமாக்க கழுத்துல மூணு தடவ ஒத்தி எடுத்ததுலயும் கிருமி இல்ல. போயாச்சு. இன்னொண்ணும் உண்டு. எங்க குழாயில வச்சிருக்க கிருமியையும் ஒரு வைரசு தின்னு தீத்துட்டு. முப்பத்தெட்டாவது பாட்டிலு! கலங்கி மோரு போல இருந்த குழாயி நாலு மணிக்கூறுல பச்சவெள்ளம் போல தெளிஞ்சு போச்சு மாமி!"

பாட்டில் விஷயம் இதுதான். கிருமியைத் தின்கிற வைரஸ்கள் உண்டு, அவை மனிதனை ஒன்றும் செய்யாது, மருந்து கேட்காத கிருமிக்கு இனி அதுதான் மருந்து, அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஜிஷா ஒருநாள் சொன்னாள். கிருமி எங்கே மிகுதியோ அங்கேதான் அதைத் தின்கிறவனும் இருப்பான். அழுக்கு வெள்ளமாகப் பார்த்து எடுத்துத் தாருங்கள் என்று நாற்பது பாட்டில்களைக் கொடுத்துவிட்டும் போனாள். மீரானுக்கு அழுக்கு வெள்ளம் என்ற பேச்சே பிடிக்கவில்லை. பதினேழு மருந்தை வென்றவனை எதிர்க்கிறவன் சாக்கடையிலா இருப்பான்? அமீனின் காரை எடுத்துக்கொண்டு பேச்சிப்பாறை அணைக்குப் போனார். திற்பரப்பு அருவியில் நனைந்துகொண்டே ஒரு பாட்டில் பிடித்தார். கன்னியாகுமரியில் மூன்று கடலுக்கும் மூன்று பாட்டில். ஒவ்வொன்றிலும் முத்துமுத்தான எழுத்தில் இடத்தின் பெயரை எழுதி ஒட்டினார். ஒவ்வொரு தடவையும் ஜிஷா தோற்றுப்போய் வந்து சொல்வாள். மீரான் அனுதாபத்தோடு தலையை ஆட்டுவார். முப்பத்தேழு பாட்டில் ஆயிற்று.

முப்பத்தெட்டாவதுக்கு 'அரபிக்கடல், தேங்காப்பட்டணம்' என்று லேபிள் எழுதி ஒட்டி வைத்திருந்தார். வீட்டிலிருந்து எட்டும் தூரம், எப்போது வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று ஒரு மாதம் வைத்திருந்தார். லேப் வண்டி வந்து ஹாரன் அடித்த காலையில் அவர் உறங்கிக்கொண்டிருந்தார். ஜைனம்பு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். இரண்டாவது ஹாரனுக்குள் நிறைத்துக் கொண்டுவந்து வண்டிக்காரரிடம் கொடுத்தாள்.

"மாமி, லேபிள்ல அரபிக்கடல்னு இருக்கு. ஆனா அதுல உப்பே இல்லியே" என்றாள் ஜிஷா ஃபோனில். "எங்க எடுத்ததுன்னு மாமாகிட்ட கேட்டுச் சொல்லுதியளா? அத எழுதாம கட்டுரை அனுப்ப முடியாது."

"கேட்டுச் சொல்லுகேன் மக்ளே."

ஃபோனை வைத்தபோது மீரான் அடுக்களை வாசலில் நின்றார். மைக்கைக் கழுத்தில் வைத்தார்.

"இ-ரு-க்-கா?"

ஜைனம்பு அவர் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முகம் அவளுக்கு நினைவிருந்தது.

"இருக்காம்" என்றாள். "நல்லா இருக்காம்."

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு சாயாக்கடைக்குக் கிளம்பினார்.

இப்போது அதைச் சொன்னால் ஹாஜியார் சும்மா இருக்க மாட்டார். எந்த மருந்தில் செத்தது என்பார். மருந்தில்லை, வைரஸ் என்றால், எந்த ஊர் வைரஸ் என்பார். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதுவதற்குள் சாயாக்கடையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூன்று தடவை தோற்ற மனிதர், நாலாவது தடவை, அதுவும் வெள்ளைத்துணிக்குள் கிடக்கிறபோது தோற்பதற்கு ஜைனம்பு இடம் கொடுக்கத் தயாராக இல்லை.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"லெப்பை, மார்க்கத்துல ஒரு மசலா கேக்கணும். மாப்பிளய பெண்டாட்டி குளிப்பாட்டலாமா?"

தென்னை மூட்டில் நின்றவர்கள் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"கூடும்" என்றார் லெப்பை. "கிதாபுல உண்டு. ஆனா இந்த ஊருல வழக்கமில்ல."

"வழக்கம் உங்களுக்குதான் இல்ல. நான் நாலு வருசமா கழுவுகேன். எனக்கு ஒண்ணும் வரல்ல." பிறகு மகனைக் கூப்பிட்டாள். "அமீனே, வெள்ளம் கோரித் தா."

"மைனி, கொஞ்சம் யோசிச்சு..." என்றார் ஹாஜியார்.

"ஹாஜியாரு அந்த டிரஸ்சுல ஒண்ணப் போட்டுட்டு வந்தா தலையப் பிடிக்கலாம்."

ஹாஜியார் வேறெங்கோ பார்த்தார்.

தார்ப்பாய்க்குள்ளே அமீன் இரண்டு கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு குவளையை எடுத்தான்.   ஜைனம்பு வெறுங்கையோடு, இடது உள்ளங்கையைக் குவித்து மீரானின் கழுத்து ஓட்டையின்மேல் மூடிக்கொண்டாள். உயிரோடிருக்கும்போது குளிக்கையில் உள்ளே வெள்ளம் போனால் மூச்சு முட்டிவிடும் என்று தினமும் அப்படித்தான் மூடுவாள். இப்போது போனால் என்ன என்று அமீன் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

"ஊத்து."

வெளியே பீர்க்கண்ணு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வெள்ளம் விழும் சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் தெரியும்.

"அமீனே, எந்தப் பக்கம் ஊத்துக?"

"இடது, மாமா."

"ஏலே, வலதாக்கும் மொதல்ல! தலைய மேல பொக்கினியா?"

"பொக்கல்ல."

"அப்பம் வெள்ளம் எல்லாம் முதுகுக்கடியிலயாக்கும் கெட்டிக் கெடக்கும். பலகைக்க சரிவு எங்கோட்டு?"

"தலைக்கு."

பீர்க்கண்ணுவால் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஊரில் ஒரு மையத்துகூடச் சரிவு தப்பிப் படுத்துக் குளித்ததில்லை. "சே, சே, சே" என்று சொல்லிக்கொண்டே செருப்பை உதறிவிட்டு, தார்ப்பாயை விலக்கி உள்ளே வந்தார். பலகையின் கால்களைச் சரிசெய்தார். அமீன் நீட்டிய கையுறையைத் தட்டிவிட்டார்.

"இதப் போட்டா அழுக்கு போனது தெரியாது மக்கா." பிறகு மீரானின் தலையைத் தன் முழங்கைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, "காக்கா, உங்களுக்க ஆளுகிட்ட சொல்லி வையுங்க, நாம கூட்டாளியளாக்கும்" என்றார்.

ஜைனம்பு கொஞ்சம் விலகி, ஓட்டையின் மேலிருந்த கையை மட்டும் எடுக்காமல் நின்றாள். பீர்க்கண்ணு அந்தக் கையைச் சுற்றியே தேய்த்தார். எல்லாம் முடிந்து துடைத்தபோது மீரான், வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுக் கிளம்பும் முகத்தோடு இருந்தார். அவளுக்கு அது போதும்.

அசருக்கு மீரானைச் சுமந்து சந்தூக்கு புறப்பட்டது. வீடு பெண்களோடு அடங்கியது. குளிர்சாதனப் பெட்டியின்மேல் மைக்கு சார்ஜில் கிடந்து, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி காற்றில் கேட்டது. பர்வேஸ் ஹாஜியார் பேசிக்கொண்டிருந்தார்.

"...உலகத்தின் எந்த மருந்துக்கும் அடிபணியாத ஒரு கிருமியைத் தன் கழுத்திலே தாங்கி, நம் ஊரின் பெயரைக் கடல்கடந்து நிலைநாட்டிய மாமனிதர்... கடைசிவரை அதை வெல்ல ஒருவராலும் முடியவில்லை..."

ஜைனம்பு சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். ஹாஜியாரின் வாயால் மீரானுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

ஜிஷா வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வந்ததும் ஜைனம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயா குடித்தாள். சுவரிலிருந்த இளஞ்சிவப்புப் படத்தை இரண்டு தடவை பார்த்தாள். கேட்க வந்த கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை என்பது தெரிந்தது. ஜைனம்புதான் தொடங்கினாள்.

"கட்டுரை போச்சா மக்ளே?"

"இல்ல மாமி. அது இப்பம் வேண்டாம்."

"அந்த எடம் எழுதாம போவாதுல்லா?"

ஜிஷா தலையை ஆட்டினாள். "உப்பு இல்லாத வெள்ளத்த அரபிக்கடல்னு எப்பிடி எழுத? ஊரெல்லாம் தேடியாச்சு. அந்த வைரசு வேற எங்கயும் கிட்டல்ல மாமி. இன்னும் நாலு பேரு வார்டுல மருந்து கேக்காம கெடக்கினும். அவங்களுக்குள்ள கிருமியத் திங்க இதுபோல வேற வைரசு வேணும்னா அந்த எடத்துலயிருந்து இன்னும் எடுக்கணும்."

"அவருக்க பேரு வருமா?"

"நோயாளிக்க பேரு போடக்கூடாது மாமி. ஊருபேரு போடுவோம்."

"அது மதி, போதும்." ஜைனம்பு எழுந்தாள். "இஞ்ச உள்ள யாருக்கும் தெரியப்பிடாது, என்ன? பாட்டிலு கொண்டு வந்தியா?"

"வண்டியில கெடக்கு."

"எடுத்துட்டு வா. பின்பக்கமா வா. மூக்கப் பொத்திக்க."

அடுக்களையைத் தாண்டி, துணி காயப்போடும் கயிற்றுக்கு அடியில் குனிந்து போனார்கள். மதிலோரம் சேம்பு இலைகள் ஆளுயரத்துக்குச் செழித்திருந்தன. ஜைனம்பு அவற்றை விலக்கிக் காட்டினாள்.

கக்கூஸ் குழாய் அந்த இடத்தில் உடைந்திருந்தது. மூன்று வருடமாக மீரான் அதை நாளைக்குச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.